மூன்றாம் ஷிப்டின் மேஸ்திரி

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு என் சமையலறைச் சுவர் வெள்ளைவெளேரென்று ஆயிற்று. பின்சந்தில் யாரோ டியூப்லைட் கட்டுகிறார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகம். ஆர்.எஸ்.புரத்தில் வேறு எந்தச் சந்தில் வேண்டுமானாலும் டியூப்லைட் கட்டலாம். சின்னச்சாமி மேஸ்திரி குடியிருக்கும் சந்தில் கட்ட ஒருவருக்கும் துணிவு வராது. பின்கதவைத் திறந்து மதிலோரம் போனேன். ஏணிமேல் நின்ற ஒருவர், மேஸ்திரி வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலேயே நான்காவது விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல இறங்குங்க," என்றேன். "மேஸ்திரி பார்த்தார்னா என்ன ஆகும்னு தெரியுமா? ஒரு வாரம் உங்களை உட்கார வெச்சு மரியாதையாப் பேசியே கொன்னுடுவார்."

அவர் பல்லில் கடித்திருந்த கட்டுக்கம்பியை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தார். "அவருக்குத்தானுங்கம்மா கட்டறோம். மத்தியானம் தவறிட்டாருங்க."

எனக்குச் செய்தி வந்தது இப்படித்தான்.

நம் கள்ளி வளர்ப்போர் வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் அவரைப் பற்றி எழுத வேண்டிய கடமை எனக்கு. உங்களில் பதினோரு பேருக்கும் அவரைத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு என் வீட்டுப் பின்வராந்தாவில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, யார் எந்தச் செடியைக் காட்டினாலும் "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்வாரே, அவர்தான். அவருடைய பெருமையைச் சொல்வதென்றால் என்னுடைய தவறு ஒன்றை நான் உங்கள் முன் ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தத் தவறு அவருக்கு முழுக்கத் தெரியும். மூன்று ஆண்டுகளாக அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை. என்னுடைய காரணம் வேறு.

என் கணவர் குன்னூரிலிருந்து ஒருமுறை ஒரு தொங்குதொட்டி வாங்கி வந்தார். கிறிஸ்துமஸ் கள்ளி. அதற்கு முள் கிடையாது, தட்டையான பச்சைக் கணுக்கள் நண்டுக்கால்போல் தொங்கும். வெயில் கேட்காது. டிசம்பர் வந்தால் கணு நுனிகளிலெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பத்தொன்பது டிசம்பர்கள் பின்வராந்தாவில் தவறாமல் பூத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில் கணவர் காலமானார். அந்த டிசம்பரில் அது ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை.

எஜமானருக்காகச் செடி துக்கம் காக்கிறது என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிற்காமல், ஜனவரிக் கூட்டத்தில் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். உங்களுக்கு நினைவிருக்கும். வங்கியில் ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யாரோ முன்மொழிய, எல்லோரும் எழுந்து நின்று அந்தத் தொட்டிக்கு எதிரே ஒரு நிமிடம் மௌனம் காத்தீர்கள். நானும் நின்றேன். அதை நிகழ்ச்சிக் குறிப்பிலும் எழுதிவைத்தேன். உறவினர் வந்தால் முதலில் கணவரின் படத்தையும் அடுத்து செடியையும் காட்டுவது வழக்கமாயிற்று. எத்தனையோ பெண்களின் கணவர்கள் காலமாகிறார்கள். செடி துக்கம் காப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இங்கே இன்னொரு விவரத்தையும் சொல்ல வேண்டும். கணவர் போன மாதமே, வெளிநாட்டிலிருக்கும் என் மகன் பின்வராந்தாவில் ஒரு கேமராவும் அதற்கு மேல் ஒரு எல்.இ.டி. ஃப்ளட்லைட்டும் மாட்ட ஏற்பாடு செய்தான். "சாயங்காலம் போட்டா காலையிலதாம்மா அணைக்கணும்," என்றான். நான் சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்கிறவள். மாலை ஆறுக்குப் போடுவேன், காலை ஆறுக்கு அணைப்பேன். செடி அந்த விளக்குக்குக் கீழே இரண்டடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு விவரங்களையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கணவரின் வருடத் திதி முடிந்த மறுவாரம், பின்சந்து கேட்டில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, மடித்த துண்டு. செருப்பைச் சந்திலேயே கழற்றிவிட்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இருக்கறீங்களா?"

அம்மணி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளகோவிலில் என் தகப்பனார் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்னை அப்படிக் கூப்பிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருவரும் கூப்பிட்டதில்லை. அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பின்சந்தில் இருபது வருடமாகக் குடியிருப்பவர், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் சின்னச்சாமி. பிறகு மழை பற்றிப் பேசினார். சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரித்தார். என் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் சொன்னார். அரைமணி நேரம் நின்றுகொண்டே பேசிவிட்டு, "வாரேனுங்க," என்று போய்விட்டார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் பற்றி அன்று நான் யோசிக்கவேயில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடி மழை, மறுபடி சிறுவாணி. மூன்றாம் முறை வந்தபோது நான் நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். என் ஃப்ளட்லைட்டை ஏறிட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க அம்மணி. வெளிச்சம் நெம்ப நல்லா இருக்குதுங்க."

"ஐம்பது வாட்," என்றேன்.

"தெரியுதுங்க," என்றார்.

பாராட்டுக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. எனவே மனிதர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது என் பழக்கம். அந்த மனிதர் என்னிடம் ஒரு புகாரைச் சொல்லக் கணவரின் வருடத் திதி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார் என்பதும், துக்க வீட்டில் போய்க் குறை சொல்லக் கூடாது என்று ஓர் ஆண்டு முழுவதும் என் வெளிச்சத்தைத் தாங்கினார் என்பதும், அந்த ஒரு வாக்கியம்தான் அவருடைய அகராதியில் மிகக் கடுமையான கண்டனம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கொங்கு நாட்டில் பிறந்த நான் இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பதினோரு வருடக் கான்வென்ட் படிப்பு என்னை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தது என்பதற்கு இது ஓர் அளவு.

அடுத்த ஞாயிறு காலை காப்பியோடு சமையலறை ஜன்னலில் நின்றபோது, ஒரு மணமகனும் மணமகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தன் மாடியில் ஒரு பழைய கல்யாண ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தார். பத்தடி உயரம். கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் பதினான்கு பேர் கறுப்புக் கண்ணாடி அணிந்து, கையைக் கட்டிக்கொண்டு, என் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு மாதம் பொறுத்தேன். தினமும் அதிலிருந்த ஆறு எழுத்துப் பிழைகளையும் படிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அந்தச் சந்துக்கு முதல்முறையாகப் போனேன். அவர் மகள் சரோஜா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து என்னை மாடிக்கு அழைத்துப் போனாள்.

மாடியில் அறுபது கள்ளிகள். பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் குத்திய ஒரு வட்டத் தகரம் தொங்கியது.

"இது என்ன?" என்றேன்.

"டோக்கனுங்க. மில்லுல எல்லாத்துக்கும் டோக்கன் நம்பர் உண்டுங்க. பேரு மறந்து போகும், நம்பர் மறக்காதுங்க."

"அந்த ஃபிளெக்ஸ் எதுக்கு?"

அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் என்னைக் குற்றம் சொல்லாமல் சொல்ல வேண்டும். எனவே செடிகளிடமிருந்து ஆரம்பித்தார். "மத்தச் செடியெல்லாம் பகல் ஷிப்டுங்க அம்மணி. வெயில்ல வாயைத் தொறந்து காத்து வாங்கும். இதுங்க அப்படித் தொறந்தா உள்ள இருக்கற தண்ணியெல்லாம் ஆவியாப் போயிருமுங்க. அதனால பகல்ல கதவைச் சாத்திக்கும். இருட்டுனதுக்கு அப்புறம்தான் தொறந்து காத்தை வாங்கி உள்ள சேத்தி வெச்சுக்கும். இதுங்க எல்லாம் மூணாம் ஷிப்டு. ராத்திரியே வரலீன்னா எப்ப வேலைக்குப் போறதுன்னு அதுங்களுக்குத் தெரியாதுங்க."

பிறகு தன்னைப் பற்றியும் ஒன்று சொன்னார். "பதினெட்டு வருஷம் மூணாம் ஷிப்டு பார்த்தவனுங்க நான். பகல்ல தூங்கறவனுக்குத்தான் வெளிச்சம்னா என்னன்னு தெரியும். என்ற சம்சாரம் இருந்த வரைக்கும் ஜன்னலுக்குக் கம்பளி கட்டித்தான் என்னைத் தூங்க வெச்சுதுங்க."

அந்த வரிசையில் இருபத்தேழாம் எண் செடி ஒன்றிருந்தது. நேராக நின்றிருக்க வேண்டிய தூண் கள்ளி, மெலிந்த கழுத்தோடு என் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. "இது உங்களையே பார்த்துட்டு நிக்குதுங்க," என்றார். கழுத்து மெலிந்ததற்குக் காரணம் அவருடைய ஃபிளெக்ஸ் பகல் வெயிலை மறைத்ததுதான் என்று நான் சொன்னேன். "அப்படியும் இருக்கலாமுங்க," என்றார். அப்படி இல்லை என்பது அதற்குப் பொருள். அந்த வாதம் எங்களுக்குள் கடைசிவரை முடியவில்லை.

வீட்டுக்கு வந்து என் தாவரவியல் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது ஒரு வரி பிசகாமல் சரியாக இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் விளக்கைச் சற்றுக் கீழே திருப்பிவைத்தேன். அவர் மாடிக்கு இருட்டு கிடைத்தது, மணமக்கள் இறங்கினார்கள். நியாயமாக நடந்துகொண்ட திருப்தி எனக்கு. கீழே திருப்பியதில் வெளிச்சம் முழுவதும் கணவரின் செடிமேல் விழுந்தது என்பதை அப்போதும் கவனிக்கவில்லை.

நன்றி சொல்ல வந்த மேஸ்திரி கவனித்தார். வராந்தாப் படியருகே நின்று விளக்கைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். நான் வழக்கம்போல் அந்தக் கதையைச் சொன்னேன். கணவர், குன்னூர், பத்தொன்பது டிசம்பர், துக்கம், ஒரு நிமிட மௌனம்.

அவர் செடியின் கணு நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "இருக்குமுங்க. செடிக்கும் மனசு உண்டுங்க," என்றார்.

அது பொய். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய். அடுத்த ஆறு வாரங்கள் அந்தப் பொய்யைச் சரிசெய்ய அவர் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த விளக்கை நான் அணைக்க வேண்டும், ஏன் என்று எனக்குத் தெரியக் கூடாது. வெள்ளை வெளிச்சம் என் கண்ணுக்கு ஆகாது என்றார். கண் மருத்துவரின் சீட்டைக் காட்டினேன், பார்வை சரியாக இருந்தது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும் என்றார். பல்லியைக் கண்டு பயப்படும் வயதை நான் கடந்துவிட்டதாகச் சொன்னேன். கடைசியாகத் திருடனை அழைத்துவந்தார்.

"இருட்டுன்னா திருடனுக்கு டார்ச் வேணுமுங்க அம்மணி. ஒரு கையில டார்ச், ஒரு கையிலதான் திருடோணும். நீங்க வெளிச்சம் போட்டுக் குடுத்தா அவனுக்கு ரெண்டு கையும் சும்மா இருக்குமுங்க."

"மேஸ்திரி, அதுக்குத்தான் கேமரா இருக்கு."

"அதுவும் சரிதானுங்க," என்று போய்விட்டார்.

ஐப்பசி பிறந்த அன்று காலை வந்தார். அன்று மழை பற்றியும் சிறுவாணி பற்றியும் அவர் பேசவில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. ஊட்டுல எழவு ஆனா, துக்கத்துல இருக்கற பொண்ணைப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மாசம் வெச்சிருந்து அனுப்புவாங்களே. இடம் மாறுனா மனசு தேறுமுன்னு."

"ஆமாம்."

"இந்தச் செடிக்கு யாரும் அதைச் செய்யலீங்களே."

கணவர் போனபோது என்னை அழைத்துப் போக வெள்ளகோவிலில் யாரும் மிச்சமில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, செடியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதினேழு விதிகள் எழுதி எடுத்து வந்தேன். அவர் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, "சரீங்க," என்று சொல்லிவிட்டுத் தொட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனார். சந்துமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்ணை அனுப்பிவைப்பதுபோலத்தான் இருந்தது.

அவர் அதைத் தன் மாடிப்படிக்கட்டின் திருப்பத்தில், பகலில் மிதமான வெளிச்சமும் மாலை ஆறு மணிக்கு முழு இருட்டும் வரும் இடத்தில் வைத்தார். விதிகள் எதையும் மீறவில்லை. கழுத்தில் ஒரு டோக்கன் மட்டும் கட்டினார், அறுபத்தொன்று.

மார்கழி பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கையில் செடியைத் திரும்பக் கொண்டுவந்தார். கணுவுக்குக் கணு பூ. பச்சையே தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் சிரிக்கவில்லை. "ஐம்பத்தேழு நாள்," என்றேன். "ஐம்பத்தேழு நாளில் அவரை மறந்துடுச்சு."

மேஸ்திரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீங்களே வெச்சுக்குங்க," என்றேன். "வேற வீட்டில் போய் இவ்வளவு சந்தோஷமா இருக்கிற செடி எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். நான் அற்பமாக நடந்துகொண்டேன். ஆனால் அந்த வீட்டில் என்னோடு சேர்ந்து துக்கம் காத்துக்கொண்டிருந்த ஒரே உயிர் அதுதான் என்று ஒரு வருடமாக நம்பியிருந்தேன். பூத்துக் குலுங்கி வந்து நின்றதைப் பார்த்தால் தனியாக விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"நில்லுங்க அம்மணி," என்றார். குரலை உயர்த்தவில்லை. மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே ஆளைக் கூப்பிட்ட குரல் அது. "அது அய்யாவை மறக்கலீங்க. அதுக்கு ராத்திரி வந்துச்சுங்க, அவ்வளவுதான். இந்த சாதிக்கு நீளமா இருட்டு வேணுமுங்க. இருட்டு நீண்டாத்தான் குளிர்காலம் வந்துருச்சுன்னு தெரிஞ்சு மொட்டு வைக்கும். நடுவுல விளக்கு எரிஞ்சா அதுக்குக் கணக்குத் தப்பிப் போகுமுங்க." விளக்கைக் கைநீட்டிக் காட்டவில்லை. அப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லலை?"

"நீங்க அத்தனை பேருகிட்டச் சொல்லிப்போட்டீங்களே," என்றார். "அதுல உங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சுங்க. அதைப் புடுங்கறதுக்கு நான் யாருங்க?"

தொட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. முதல் நாள் மாலையே விளக்கை அணைத்துவிட்டேன், அது வேறு விஷயம். மகன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்றான். "ராத்திரியில் அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

பன்னிரண்டாம் நாள் சரோஜாவிடம் சொல்லி அனுப்பி மேஸ்திரியை வரவழைத்தேன். பின்கேட்டுக்குத்தான் வந்தார். தெருப்பக்கம் சுற்றி முன்வாசல் வழியாக வரச் சொன்னேன். முன்ஹாலில் கணவர் உட்காரும் நாற்காலிக்கு எதிர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க," என்றேன். இதை ஐந்தாறு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விருந்தினருக்கான பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"காப்பி எப்படி?"

"நெம்ப நல்லா இருக்குதுங்க."

நான் உடனே எழுந்துபோய் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை கொண்டுவந்து போட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் மொழிச் சிக்கல் ஏற்படவில்லை.

அந்த மாதமே அவர் நம் வட்டத்தில் சேர்ந்ததும், டோக்கன் வழக்கத்தை உங்கள் எல்லோருக்கும் பரப்பியதும், சந்தின் புதிய தெருவிளக்கை எதிர்த்து வார்டு அலுவலகத்துக்கு மனுக் கொடுத்ததும் நீங்கள் அறிந்தவை. அந்த மனுவை எழுதியது நான். அங்கிருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு, "எல்லாரும் லைட்டு எரியலீன்னு மனுக் குடுப்பாங்க. நீங்க எரியுதுன்னு குடுக்கறீங்களே," என்றார். மேஸ்திரி அவரோடு ஏழு காலைகள் மழையையும் சிறுவாணியையும் பற்றிப் பேசினார். எட்டாம் நாள், விளக்கின் வெளிச்சம் சாலையில் மட்டும் விழும்படி அதற்கு ஒரு தகரக் குல்லாய் போட்டுக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு மட்டும் அவர் தடை சொன்னதில்லை. "அது போனஸ் நாளுங்க, எல்லா ஷிப்டுக்கும் லீவு," என்பார். கார்த்திகை தீபத்துக்கும் அனுமதி உண்டு. "எண்ணெய் விளக்குச் சீக்கிரம் தூங்கிருமுங்க."

நான் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் யாராவது அந்தச் செடியைக் காட்டி, "துக்கம் தீர்ந்து பூத்துவிட்டதே," என்று நெகிழும்போதெல்லாம் நான் பதில் சொல்லாமல் காப்பி எடுக்க எழுந்துவிடுவேன். கடைசி நாற்காலியில் மேஸ்திரி தன் துண்டைக் கவனமாக மடித்துக்கொண்டிருப்பார். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட என் பக்கம் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். புடவை மாற்றிக்கொண்டு சந்துக்குப் போனேன். அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் எண்ணெய் விளக்கு. வெளியே எட்டு டியூப்லைட். மாடியில் அறுபது செடிகளும் சுவரில் நிழல் விழ வெள்ளையாக நின்றன. காரியம் முடியும்வரை தினமும் இந்த விளக்குகள் எரியும் என்று யாரோ பேசிக்கொண்டார்கள். வெளிச்சத்தோடு வாழ்நாளெல்லாம் சண்டையிட்ட மனிதரை அந்தச் சந்தின் வரலாற்றிலேயே அதிக வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள்.

அணைக்கச் சொல்ல வேண்டும். ஆனால் சாவு வீட்டில் போய் விளக்கை அணை என்று எப்படிச் சொல்வது? சரோஜாவின் அருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நேராகப் பேசுவதில் எனக்கு இருந்த பெருமையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்குது," என்றேன்.

"ஆமாங்கம்மா," என்றாள்.

"சிறுவாணித் தண்ணி நேத்து வந்துச்சா?"

"வந்துச்சுங்க. எங்கய்யன்தான் புடிச்சு வெச்சாரு."

இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவள் கால்வலியை விசாரித்தேன். அரைமணி ஆகியிருக்கும். கடைசியில் வாசலைப் பார்த்தபடி சொன்னேன். "வெளிச்சம் நெம்ப நல்லா இருக்குதும்மா."

சரோஜா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். அழுது சிவந்த முகத்தில் அவருடைய சிரிப்பு ஒரு கணம் வந்து போயிற்று. எழுந்து வாசலுக்குப் போய், "ஏனுங்கண்ணா, அந்த லைட்டையெல்லாம் அணைச்சுப்போடுங்க," என்றாள்.

பெரியவர் ஒருவர் தடுத்தார். "எழவு ஊடு இருட்டா இருக்கக் கூடாது கண்ணு."

"உள்ள விளக்கு எரியுதுங்க மாமா," என்றாள். "மாடியில மூணாம் ஷிப்டு ஆளுங்க இருக்காங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஏணிக்காரர் ஒயரைப் பிடுங்கினார். சந்து முழுவதும் இருட்டு வந்து உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்து அவருக்குச் செய்யப்பட்ட சரியான மரியாதை அது ஒன்றுதான்.

வரும் முதல் ஞாயிறு நாம் கூடும்போது ஒரு வேண்டுகோள். அந்த ஜனவரியில் நீங்கள் எழுந்து நின்றது துக்கத்துக்காக அல்ல, என் வீட்டு ஐம்பது வாட் விளக்குக்காக. அந்த ஒரு நிமிடத்தை நிகழ்ச்சிக் குறிப்பில் என் கையாலேயே அடித்துவிட்டேன். அந்த ஒரு நிமிடம் மேஸ்திரிக்காக மறுபடி எழுந்து நில்லுங்கள்.

காரியம் முடிந்ததும் சரோஜா என்னை மாடிக்கு அழைத்து, வேண்டிய செடியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் இருபத்தேழாம் எண்ணை எடுத்துக்கொண்டேன். என் விளக்கு இருந்த காலத்தில் மெலிந்த கழுத்து அப்படியே இருக்கிறது. அதற்குமேல் வளர்ந்த பகுதி பருத்திருக்கிறது. கள்ளியின் உடம்பில் ஒரு முறை மெலிந்த இடம் பிறகு பருக்காது. பின்வராந்தாவில் அறுபத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோணலாக நிற்கும் எதையும் நேராக்காமல் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதை மட்டும் திருப்பிவைத்து, அவர் மாடியின் பக்கம் சாய விட்டிருக்கிறேன். கழுத்து மெலிந்ததற்கு அவருடைய ஃபிளெக்ஸும் காரணம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இனி "அப்படியும் இருக்கலாமுங்க அம்மணி" என்று சொல்ல ஆளில்லை. எனவே வராந்தா விளக்கைப் போடாமல், தினமும் மாலை ஆறு மணிக்கு, அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.